நூதனசாலைப் படிமங்களும் மாணாக்கர் நோக்கும்

காண்டல் வேறு, நோக்கல் வேறு. கண்ணுடையார் யாவரும் காண்பர். கண்ட பொருளின்கண் மனத்தை நிறுத்தி, அதன் அமைப்பையும் கருத்தையும் ஆராய்ந்து மகிழ்வோர் சிலரே நோக்குவர். தொல்காப்பியர் செய்யுளுறுப்புக்களை வகுத்தவிடத்து ‘நோக்கு’ என்பதனையும் ஓர் உறுப்பாகக் கொண்டார். படிப்போன் ஒருமுறை படித்த அளவில் அமைதியுறாது மீண்டும் திரும்பி ஆராயுமாறு செய்யும் தன்மையே நோக்கு என்பது உரையாசிரியர் கருத்து. அது செய்யுளுக்கு மட்டும் உரியதன்று, சிற்பத்துக்கும் உரியது. உயர்ந்த சிற்பம் தன்னைக் கடந்து செல்வோனைத் திரும்பிப் பார்க்கச் செய்யும். அவ்வாறு திரும்பிப் பாராது செல்பவன் பலவற்றைக் கண்டவனேயன்றி ஒன்றையேனும் நோக்கியவன் ஆகான். பாடசாலை மாணாக்கர் நூதனசாலைச் சிற்பக் கூடத்துக்குச் சென்று மீளும் வழக்கத்தை இவ்வளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டை கொழும்பிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில், தேயிலையும் மிளகும் ஏலமும் விளையும் ஊர் அது. இத்தகைய மலைநாட்டூர்களிலிருந்து கல்விச் சுற்றுலாவுக்குப் புறப்படும் மாணாக்கர் கோழி கூவுமுன் பேருந்திலேறுவர். கண்டியைக் கடந்து கொழும்பை அடையும்போது வெயில் ஏறிவிடும். தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல், துறைமுகம் என்பனவற்றோடு நூதனசாலையும் ஒரு நாட் பயணத்துள் அடங்கவேண்டும். ஆதலின் நூதனசாலைக்கு ஒதுக்கப்படுவது ஒரு மணி நேரமே. அதனுள்ளும் மன்னர் அரியணைக்கும் வாளுக்கும் கிடைக்கும் நேரம் படிமங்களுக்குக் கிடைப்பதில்லை. வரிசையாக நுழைந்து வரிசையாக வெளியேறும் மாணாக்கரின் குறிப்பேட்டில், சிற்பங்களின் கீழுள்ள பெயர்ப்பலகைகளின் வாசகங்கள் மட்டும் ஏறியிருக்கும். பெயர், கிடைத்த இடம், காலம் என்ற மூன்றும் எழுதப்பட்டனவாயின் வந்த காரியம் முடிந்ததெனக் கொள்ளப்படுகின்றது.

இம்முறை முற்றும் பயனற்றதென்று கூறுதல் நேர்மையாகாது. கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சையின் சித்திர பாடத்திலே கலை வரலாற்று வினாக்களும் இடம்பெறுகின்றன. பெயரும் இடமும் காலமும் அறியாதான் அவற்றுக்கு விடை எழுத இயலாது. வண்டிக் கூலியைப் பெற்றோரிடமிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்து, நாற்பது ஐம்பது பிள்ளைகளைப் பாதுகாப்பாக அழைத்துச் சென்று மீளும் ஆசிரியரின் பொறுப்பும் எளியதன்று. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. பெயர்ப்பலகை கூறுவனவற்றை ஒரு பாடநூலும் கூறும். பலகையைப் படித்தற்கு 150 கிலோமீற்றர் செல்லவேண்டுவதில்லை. பாடநூல் தரமாட்டாத ஒன்றைத் தருவது கூடத்தில் நிற்கும் படிமமே. அதனை நோக்காது பலகையைப் படித்து மீளும் மாணாக்கன், விருந்துக்குச் சென்று பந்தியில் அமராது பண்டங்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு திரும்பியவனை ஒப்பான்.

கொழும்பு நூதனசாலை ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கட்டடத்தை வரைந்தவர் ஸ்மித்தர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். இலங்கைக் கலையை உலகறியச் செய்த ஆனந்த குமாரசுவாமி பிறந்ததும் அவ்வாண்டிலேயே என்பது பொருத்தமுடைய ஒரு செய்தி. இந்நூதனசாலையின் சிறந்த செல்வங்களுள், பொலன்னறுவையிற் கிடைத்த சைவ வெண்கலப் படிமங்கள் தனியிடம் பெறுவன. தொல்பொருளியல் ஆணையாளராயிருந்த பெல் என்பாரின் அகழ்வாய்வுகளில், 1907ஆம் 1908ஆம் ஆண்டுகளிலே, அங்குள்ள சிவாலயங்களின் இடிபாடுகளிலிருந்து அவற்றுட் பல வெளிப்பட்டன. குமாரசுவாமி 1914இல் கொழும்பு நூதனசாலை வெண்கலங்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். அவருக்கு நெருங்கிய உறவினராகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம், அப்படிமங்களையும் சிவவழிபாட்டின் குறியீடுகளையும் விளக்கிக் கட்டுரை வரைந்தார். பின்னரும் பொலன்னறுவையில் வேறு படிமங்கள் கிடைத்தன. இன்று அவை கொழும்பிலும் பொலன்னறுவை நூதனசாலையிலுமாகப் பிரிந்துள்ளன.

இப்படிமங்களுள் முதலில் வைத்து எண்ணப்படுவது ஆடவல்லான் திருவுருவம். உடுக்கை படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், அனல் அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்னும் சித்தாந்தக் கருத்தைச் சைவ சமய பாடம் படித்த மாணாக்கர் அனைவரும் அறிவர். ‘உண்மை விளக்கம்’ முதலாய நூல்கள் இதனை வகுத்துரைத்துள்ளன. இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. பொருளை முன்னரே மனனம் செய்தவன் உருவத்தைப் பார்ப்பதில்லை. உருவத்திலே தான் மனனம் செய்ததைச் சரிபார்த்துக்கொள்கின்றான். உடுக்கை உண்டா, அனல் உண்டா, முயலகன் உண்டா எனக் கண் ஓடுகின்றது. எல்லாம் உண்டென்றறிந்தவுடன் அப்பால் நகர்கின்றது. குறியீட்டு விளக்கம் தத்துவத்துக்குத் துணையாகும். ஆயின் கலையின் முன்னிலையில் அது சில வேளைகளிற் கண்ணுக்குத் திரையாகவும் அமைந்துவிடும். குறியீடுகள் யாவும் குறைவற அமைந்த நடராசர் உருவங்கள் கடைத்தெருவிலும் விற்கப்படுகின்றன. அவற்றுக்கும் பொலன்னறுவைப் படிமத்துக்கும் வேற்றுமை யாது? இவ்வினாவுக்குக் குறியீட்டு விளக்கம் விடை கூறாது. நோக்கே விடை கூறும்.

அவ்விடை படிமத்தின் அமைப்பிலேயே உள்ளது. நெற்றியின் நடுவிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிடின், அது ஏறக்குறைய ஊன்றிய திருவடியின்மேல் வந்து நிற்கும். உடலின் பாரம் முழுவதும் மடங்கிய வலக்காலின் மேலது. இடக்கால் உடலைக் குறுக்கே கடந்து உயர்கின்றது; அதனைத் தொடர்ந்து முன்னிடக்கையும் குறுக்கே வீசித் தூக்கிய திருவடியைச் சுட்டுகின்றது. இவ்விரண்டும் ஒரு பக்கமாகச் செல்ல, பின்கைகள் இரண்டும் இருபுறமும் விரிந்து அவ்வீச்சை நிறைசெய்கின்றன. கைகாலெல்லாம் சுழலும், முகமோ அசையாது. விரைவும் அமைதியும் ஓருருவிலே கூடுதல் எங்ஙனம் என்பதே சிற்பி தனக்குத் தானே விடுத்துக்கொண்ட வினா. அதற்கு அவன் கண்ட விடை அந்நடுக்கோடு. பொலன்னறுவைப் படிமம் ஒன்றின் பீடத்தில் வாத்தியம் இசைக்கும் கணங்களையும் சிற்பி அமைத்துள்ளான். மேலே நிகழும் ஆடலுக்குக் கீழே தாளம் ஒலிக்கின்றது. இதனை ஒரு மாணாக்கன் தானே கண்டுகொள்வானாயின், அவன் கற்ற சித்தாந்தமும் அன்று புத்துயிர் பெறும். படைத்தலும் அழித்தலுமாகிய தொழில்கள் நிகழ, இறைவன் அவற்றால் வேறுபடான் என்னும் கருத்து, அவனுக்குச் சொல்லாக நில்லாது காட்சியாக நிற்கும்.

அடியார் படிமங்கள் இதனினும் எளிதாக மாணாக்கர் உள்ளத்தைத் தொடத்தக்கன. சுந்தரமூர்த்தி நாயனார் மணக்கோலத்திலிருந்த இளைஞர். மணப்பந்தரிலே முதியவராய் வந்த இறைவன் ‘இவன் எனக்கு அடிமை’ என வழக்கிட்டுத் தடுத்தாட்கொண்டார். பொலன்னறுவைச் சுந்தரர் படிமத்தில் அணிகளும் ஆடையும் மணமகனுக்குரியன. மெய்யின் மென்மை இளமைக்குரியது. கைகளின் நிலையும் முகத்தின் நிலையும் எதிர்பாராத ஒன்றைக் கண்டு நின்றானொருவனுடையன. ஒரு நீண்ட வரலாற்றின் ஒரு கணத்தைச் சிற்பி பிடித்துள்ளான். மாணிக்கவாசகர் கையிலே ஏட்டுச்சுவடி உண்டு; அவர் முகம் கற்றவனின் செருக்கற்ற முகம். காரைக்காலம்மையாரோ தாளம் ஏந்தி அமர்ந்துள்ளார். எலும்பு தோன்ற வற்றிய உடல். அதன்மேல் மலர்ந்த முகம். அழகு என்பது வனப்புடைய உடலை மட்டும் பற்றியதன்று என்பதனை, அழகுடைய உமையின் படிமத்தையும் அழகு துறந்த அம்மையின் படிமத்தையும் அடுத்தடுத்து நோக்குவோன் ஒருவர் சொல்லாமலே உணர்வான். பெரியபுராணக் கதைகளை வகுப்பறையிற் கேட்டுச் சலித்த பிள்ளைகள், அவை பேரறிஞரும் பெருஞ்சிற்பிகளும் தம் உள்ளத்தைக் கொடுத்த பொருள் என்பதை இங்கே அறியலாம்.

இவ்வுருவங்கள் ஆக்கப்பட்ட முறையும் அறியத்தக்கது. சிற்பி முதலிற் படிமத்தை மெழுகினால் முழுமையாக உருவாக்குவான். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணையும் பின்னர்ப் பருமண்ணையும் பூசி உலர்த்துவான். சூடேற்றியதும் மெழுகு உருகி வழிந்துவிட, உள்ளே வெற்றிடம் எஞ்சும். அதனுள் உருக்கிய உலோகத்தை வார்ப்பான். ஆறிய பின்னர் மண் அச்சை உடைப்பான். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. ஆதலின் அவ்வச்சில் இன்னொரு படிமம் வார்த்தல் இயலாது. இன்றும் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இம்முறையைக் கையாளுகின்றனர். ஒவ்வொரு படிமமும் ஒன்றேயொன்று என்பதை அறிந்த மாணாக்கன், கூடத்தில் இருபது உருவங்களை ஒரே இனத்துப் பண்டங்களாகக் கருதி விரைய மாட்டான்.

இனி, சைவ மாணாக்கருக்கு மட்டும் நேரும் ஒரு தயக்கம் உண்டு. கூடத்தில் நிற்பது தெய்வமா, கலைப்பொருளா? கை குவிக்கலாமா, குறிப்பெடுக்கலாமா? இத்தயக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் எனத் தள்ளிவிடுதல் தவறு. கலைத்திறனாய்வின் ஆழ்ந்த வினாக்களுள் அது ஒன்று.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பெருவிழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. இரத்தோட்டைப் பிள்ளைகளுட் பலர் அத்தேர்களைக் கண்டு வளர்ந்தவர். தேரிலே எழுந்தருளுவன உற்சவமூர்த்திகளாகிய உலோகப் படிமங்களே. எனினும் அப்பிள்ளைகள் படிமத்தின் வடிவத்தை ஒருபோதும் கண்டவரல்லர். பட்டும் மாலையும் அணிகலனும் சாத்தப்பட, முகம் மட்டுமே வெளித்தெரியும். சிற்பி வாரக்கணக்கில் வருந்தி அமைத்த இடையின் வளைவும் தோளின் சரிவும் துணிக்குள் மறைந்துள்ளன. வழிபடுவோனுக்கு அது குறையன்று. அவன் காண வந்தது தெய்வத்தின் திருமுகம். நூதனசாலையிலோ பட்டில்லை, மாலையில்லை, விளக்கில்லை, மணியோசையில்லை. அங்கே சிற்பியின் கைவண்ணம் முழுமையாகத் தெரிகின்றது. அக்கைவண்ணம் எதற்காக எழுந்ததோ அவ்வழிபாடு தெரிவதில்லை. கோயில் ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்கின்றது. கூடம் மறைந்ததைக் காட்டிக் காட்டியதை மறைக்கின்றது. இரண்டிடத்தும் சென்றவனே முழுமையை அறிவான்.

இவ்வுண்மையைத் திருகோணமலை வரலாறு தெளிவாக்கும். பழைய கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் படிமங்கள் சில மண்ணுள் மறைந்திருந்து, 1950ஆம் ஆண்டு கிணறு தோண்டியவிடத்தே வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், உமாதேவி முதலாய அத்திருவுருவங்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு, 1952இல் ஆலயத்திலே மீண்டும் எழுந்தருளுவிக்கப்பட்டன. பொலன்னறுவைப் படிமங்களும் மண்ணிலிருந்து வெளிப்பட்டனவே. இவை நூதனசாலை புகுந்தன. அவை கருவறை புகுந்தன. மண்ணுள் ஒத்த நிலையிற் கிடந்தவை, மண்மீது வெவ்வேறு நிலை எய்தின. காரணம் படிமத்தின் இயல்பிலில்லை. ஓரிடத்தே வழிபடும் மக்கள் சூழ இருந்தனர். மற்றோரிடத்தே காடு சூழ்ந்திருந்தது. தமிழ்நாட்டிலே களவுக்கு அஞ்சி, கோயிற் படிமங்கள் பல, திருவாரூர் முதலாயவிடங்களிலுள்ள பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பட்டுள்ளன. அவை வழிபடுவோர் கண்ணுக்கும் நாடோறும் தோன்றுவதில்லை. கலைமாணாக்கர் கண்ணுக்கும் தோன்றுவதில்லை. அந்நிலையோடு ஒப்பிடின், நூதனசாலைப் படிமங்கள் பேறு பெற்றன எனல் வேண்டும். அவற்றை நோக்குவதற்கேனும் ஒருவர் வந்துகொண்டிருக்கின்றார்.

ஆகவே கூடத்திலே கைகுவிக்கும் பிள்ளையை நகையாடுதலும், குறிப்பெடுக்கும் பிள்ளையைப் பக்தியற்றவன் எனக் கடிதலும் ஒருங்கே பிழை. சிற்பி பக்தியோடு ஆக்கினான் என்பது வரலாறு. கணக்கோடு ஆக்கினான் என்பதும் வரலாறு. முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உறுப்புக்களின் அளவை வரையறுக்கும் தாலமானம் சிற்ப நூல்களிலே விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அளவும் அன்பும் அவனிடத்தே பகையாகவில்லை. மாணாக்கனிடத்தே பகையாக வேண்டியதில்லை. உமையின் படிமத்தின் முன் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து நகைப்பதும், ஆசிரியர் அவர்களை விரைந்து அப்பாற் செலுத்துவதும் எங்கும் நிகழ்வனவே. அவ்விடத்தே விரைதல் அந்நகைப்பை உறுதிசெய்துவிடும். அரை நிமிடம் நின்று, ‘இவ்வுருவத்தின் பாரம் எக்காலின்மேல் நிற்கின்றது?’ என ஆசிரியர் வினவுவாராயின் நகைப்பு அடங்கும். கண் வேலை செய்யத் தொடங்கும்.

நூதனசாலையில் எழும் மற்றொரு வினா உரிமை பற்றியது. இவை எவருடையவை? 993ஆம் ஆண்டளவில் தொடங்கி 1070 வரை இராசரட்டை சோழர் ஆட்சியிலிருந்தது. பொலன்னறுவை சனநாதமங்கலம் எனப்பட்டது. அங்கே வானவன்மாதேவி ஈச்சரம் எழுந்தது. இச்செய்திகளைப் படிக்கும் ஒரு சாரார் படிமங்களைத் தமது வெற்றியின் சின்னமாகக் கருதுவர். மற்றொரு சாரார் அயலார் படையெடுப்பின் எச்சமாகக் கருதுவர். இரு சாராரும் ஒரு தவறே செய்கின்றனர்: படிமத்தைக் கொடியாகக் கொள்கின்றனர். வரலாறோ இவ்வளவு எளியதன்று. முதலாம் சிவாலயம் சோழர் ஆட்சி நீங்கிய பின்னர்ப் பாண்டியர் பாணியில் எழுந்ததென அறிஞர் பலரும் கருதுவர். அங்ஙனமாயின் சிங்கள மன்னர் காலத்தும் அந்நகரிற் சிவவழிபாடு நின்றுவிடவில்லை. தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்ற வேளைக்காரப் படையினர் தமிழிலே கல்வெட்டுப் பொறித்ததும் அந்நகரிலேயே. படிமங்கள் தென்னாட்டிலிருந்து கொணரப்பட்டனவா, ஈண்டே வார்க்கப்பட்டனவா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எங்கு வார்க்கப்பட்டிருப்பினும், அவை சோழநாட்டுக் கலைமரபின் வழிவந்தன என்பதும், பல தலைமுறையாக இந்நாட்டு மண்ணிலே வழிபடப்பட்டன என்பதும் மறுக்கவியலாதன.

இவ்வினா மலைநாட்டுத் தமிழ் மாணாக்கருக்குத் தனிப் பொருளுடையது. அவர்தம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். அங்கிருந்தே அவர்கள் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிரிந்து சென்றனர். அம்மக்களுக்கு வரலாறு என்றால் துயர வரலாறே உண்டு, கலை வரலாறு பிறர்க்கே உண்டு என்ற ஓர் எண்ணம் வாய்விட்டுச் சொல்லப்படாமலே வகுப்பறைகளில் நிலவுகின்றது. அவ்வெண்ணம் மாணாக்கனைக் கூடத்தின் வாயிலிலேயே அயலானாக்கிவிடும். அதனை மாற்றுதற்குப் பழம்பெருமை பேசுதல் வழியன்று. தேர்த்திருவிழாவிற் கண்ட மூர்த்தியும் கண்ணாடிப் பேழையுள் நிற்கும் மூர்த்தியும் ஒரு மரபின் இரு தோற்றங்கள் என அவன் தன் கண்ணாலே காணவேண்டும். உரிமை என்பது அவ்வாறு நோக்கி அறிந்தவனிடத்தே தானே வந்து சேரும். சிங்கள மாணாக்கன் அதே படிமத்தை அதே கருத்தோடு நோக்குவானாயின் அவ்வுரிமை அவனுக்கும் உண்டு. நோக்கினால் வரும் உரிமை பங்கிடுந்தோறும் குறைவதன்று.

இக்கண்பயிற்சியைத் தொடங்குதற்குக் கொழும்பு வரை செல்லவேண்டுவதுமில்லை. மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தொலைவில், நாலந்தா கெடிகே நிற்கின்றது. தோட்டங்களை நாடி வந்தோர் நடந்த வடக்கு வழியும் அவ்வயலே சென்றது. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனப் பொதுவாகக் கொள்ளப்படும் அச்சிறு கற்றளி, பௌத்தத் தலமாயினும் பல்லவர் கட்டடப் பாணியைத் தழுவியது. மாமல்லபுரத்துக் கற்கோயில்களின் படத்தைப் பார்த்த பிள்ளை இதனைக் கண்டவுடன் உறவு அறிவான். குதிரைலாட வடிவான கூடுகளும், குள்ளமான கணவுருவங்களும், குபேரன் எனக் கருதப்படும் உருவமும் அதிலுள்ளன. மகாவலித் திட்டத்தின் போவத்தன்ன நீர்த்தேக்கத்தினால் மூழ்கவிருந்த அக்கட்டடத்தை, 1975இலிருந்து கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1980 அளவில் உயர்ந்தவிடத்தே மீள அமைத்தனர். ஒரு தமிழ்ப் பாணியும் ஒரு பௌத்த வழிபாடும் ஒரு சிங்கள நாடும் அங்கே பிணக்கின்றி ஒன்றியுள்ளன. கண்ணாடிப் பேழையோ நெருக்கடியோ அங்கில்லை, கல்லைச் சுற்றி நடக்கலாம், அமர்ந்து வரையலாம். இரத்தோட்டையிலிருந்து காலையிற் சென்று மாலையில் மீளலாம். இதனை விடுத்துக் கொழும்பையே கல்விச் சுற்றுலாவின் எல்லையாகக் கொள்ளுதல், வாயிற்படியை மிதியாது மாடிக்குத் தாவ முயல்வதாகும்.

மேனாட்டார் பழங்கலையைக் கற்பித்த முறையில் ஏற்கத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. ஐரோப்பியக் கலைப்பள்ளிகளிலே கிரேக்க உரோமச் சிற்பங்களின் சுதைப்பிரதிகளை முன்வைத்து மாணாக்கர் நாட்கணக்காக வரைந்து பழகினர். ஒன்றன்முன் நெடுநேரம் இருக்கும் பழக்கத்தை அம்முறை தந்தது. ஆயின் கிரேக்க உடலே அழகின் ஒரே அளவு என்ற பிழையான முடிவையும் அது உடன் தந்தது. தசைநாரும் எலும்பும் தோன்ற உடலின் வலிமையைக் காட்டுவது கிரேக்க மரபு. அவற்றை அடக்கி, மூச்சு நிறைந்தாற்போன்ற மென்மையால் உள்ளிருக்கும் உயிரைக் காட்டுவது சோழர் மரபு. இவ்வேற்றுமையை ஏற்று மதித்த மேனாட்டுச் சிற்பி ரோடின் ஆவார். சென்னை நூதனசாலையிலுள்ள திருவாலங்காட்டு நடராசர் படிமத்தை அவர் நேரிற் கண்டதில்லை. அதன் ஒளிப்படங்களை மட்டுமே கண்டார். கண்டு, 1913இலே அதனைப் பற்றி எழுதினார். அவர் மறைந்த பின்னர், 1921இல் அது வெளிவந்தது. சித்தாந்தம் அறியாதவர், தமிழ் அறியாதவர், படிமத்தையும் நேரிற் காணாதவர் ஒருவர் ஒளிப்படத்தை நோக்கி அறிந்ததை, இவை மூன்றும் எய்தத்தக்க மாணாக்கர் தவறவிடுதல் இரங்கத்தக்கது.

செய்யவேண்டியது பெரிதன்று. கூடத்திலுள்ள அனைத்தையும் காட்டும் ஆசையை ஆசிரியர் விடுதல் வேண்டும். ஒரு மணி நேரம் உண்டெனில், மூன்று படிமங்கள் போதும்: ஆடவல்லான், சுந்தரர், காரைக்காலம்மையார். ஒவ்வொரு மாணாக்கனும் அவற்றுள் ஒன்றன்முன் கால்மணி நேரம் நின்று, பெயர்ப்பலகையைப் பாராமல், தான் காண்பதைக் கோட்டாலும் சொல்லாலும் குறித்தல் வேண்டும். படம் அழகாக அமையவேண்டுவதில்லை. கை வரையத் தொடங்கியபின்னரே, தான் இதுவரை பார்த்திராதவற்றைக் கண் அறிகின்றது. பலகையைப் படித்தல் இறுதியில் வரட்டும். தானே கண்டவன் அதனைப் படிக்கும்போது பெயரும் காலமும் அவன் கண்டதனோடு ஒட்டிக்கொள்ளும். பரீட்சைக்கும் அவை மறவா. மீண்டு வந்தபின் ஆசிரியர் ‘எத்தனை கண்டீர்கள்?’ என்று வினவாது, ‘எதனை மீண்டும் காண விரும்புகின்றீர்கள்?’ என்று வினவுதல் நன்று. அவ்வினாவுக்கு விடை சொல்லும் பிள்ளை நோக்கியவன். விடையற்று நிற்கும் பிள்ளைக்கு இன்னொரு முறை வாய்ப்பளித்தல் பாடசாலையின் கடமை.

இம்முறைக்கு எதிராகக் கூறப்படுவது ஒன்றுண்டு: மூன்று படிமங்களுக்காக இவ்வளவு பொருட்செலவா என்பது. நூறு பொருள்களைக் கண்டு ஒன்றும் உள்ளத்தில் நில்லாது மீள்வதே உண்மையில் வீண்செலவு. மலைநாட்டுப் பிள்ளைகளுட் பலருக்கு அக்கூடத்துக்குச் செல்லும் வாய்ப்பு வாழ்நாளில் ஒருமுறையே கிட்டுவது. செல்வர் வீட்டுப் பிள்ளை இன்று தவறவிட்டதை அடுத்த விடுமுறையிற் காணலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு அம்மறுமுறை உறுதியன்று. ஆதலின் ஒருமுறை கிடைப்பதை விரைவாலே கெடுத்தல் அப்பிள்ளைக்கே பேரிழப்பாகும்.

எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகளாக அப்படிமங்கள் பொறுத்திருந்துள்ளன. கோயில் அழிந்தபோது மண்ணுள் இருந்தன. மண் அகழப்பட்டபோது பேழையுள் வந்தன. அவற்றுக்கு இனி வேண்டுவது புகழுரையன்று. தம்மெதிரே அமைதியாக நிற்கும் ஒரு பிள்ளையின் கண். அக்கண்ணைப் பயிற்றுதல் நூதனசாலையின் தொழிலன்று. அது பாடசாலையின் தொழில். அதனை இரத்தோட்டையிலேயே தொடங்கலாம்.